வரையப்படாத எழுத்து

ஜப்பானிய நிறுவனமான நாம்கோ 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கேலகா' என்னும் வீடியோ கேமின் பெயர் ஆங்கில லிபியில் ஆறு எழுத்துகளால் ஆனதாயினும், மீண்டும் மீண்டும் வருவனவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவன ஜி, ஏ, எல் என்னும் மூன்று மட்டுமே. காசு போட்டு ஆடும் அந்த இயந்திரத்தின் நெற்றிப் பலகைக்காக அப்பெயரை வரைந்த ஓவியருக்கு அவ்வளவே தேவைப்பட்டது. அவர் வரைந்தது ஒரு பெயரேயன்றி ஒரு நெடுங்கணக்கு அன்று. இன்றோ, இத்தகைய பழைய ஆட்டங்களின் பெயர்ப்பலகைகளிலும் அட்டைப் படங்களிலும் காணப்படும் சில எழுத்துகளைக் கண்ணுற்று, அவற்றின் வளைவையும் தடிப்பையும் சாய்வையும் அளந்து, அதே குலத்தைச் சேர்ந்த ஏனைய எழுத்துகளையும் தாமே வரைந்து, எவரும் கணினியில் எதை வேண்டுமானாலும் தட்டச்சு செய்துகொள்ளத்தக்க எழுத்துருவாக்கி வெளியிடுவதை ஒரு தவம்போல் செய்துவருகிறவர்கள் உலகின் பல பாகங்களிலும் இருக்கிறார்கள். அவ்வாறு ஒருவர் வரைந்த கியூ என்னும் எழுத்தைக் காட்டினால், 'ஆம், இது கேலகாவின் கியூதான்' என்று நாம் தயங்காமல் ஒப்புக்கொள்வோம். கேலகாவின் பெயரிலோ கியூ என்று ஒன்று எந்நாளும் இருந்ததில்லை. முன்பு இல்லாத ஒன்றை 'அதுவே இது' என்று எவ்வாறு இனங்கண்டோம்? அந்த எழுத்து, வரையப்படுவதற்கு முன், எங்கே இருந்தது?

பிள்ளைகள் காசைத் தொலைத்த ஒரு விளையாட்டு இயந்திரத்தின் பெயர்ப்பலகைக்காகத் தத்துவ சாஸ்திரத்தைத் துயிலெழுப்புவானேன் என்று கேட்பாருண்டு. நம் தரிசனகாரர்கள் பிரபஞ்சத்தின் உற்பத்தியையே விசாரிக்கப் புகுந்தபோது கையில் எடுத்துக்கொண்டவை குயவன் வனையும் குடமும், சாலியன் நெய்யும் துணியும், செக்கில் ஆடும் எள்ளுமே என்பதை நினைத்தால், பொருளின் எளிமை விசாரணைக்கு இழுக்காகாது என்பது விளங்கும். மேலும், குடத்தை வைத்து எழுப்பிய அதே வினாவைத்தான் இந்த எழுத்தும் எழுப்புகிறது.

காரியமானது தோன்றுவதற்கு முன்பே காரணத்தில் சூட்சுமமாக இருக்கிறது என்பது சாங்கியரின் சற்காரியவாதம். ஈசுவரகிருஷ்ணர் தம்முடைய காரிகை நூலின் 9ஆம் காரிகையில் அதற்கு ஐந்து நியாயங்களை அடுக்கியிருக்கிறார். எள்ளிலிருந்து எண்ணெய் வருவதும் மணலிலிருந்து வாராமையும் எதனால் என்று சிந்திப்பவனுக்கு அவற்றின் போக்கு தானே புலப்படும். நையாயிகரும் வைசேஷிகரும் இதை ஒப்பவில்லை. மண்ணில் குடம் முன்பே இருக்குமாயின் குயவன் எதற்கு, அந்த மண்கட்டியைக் கொண்டே தண்ணீர் மொண்டுகொள்ளலாகாதோ என்று கேட்டு, காரியம் முன்பு இல்லாததாய்ப் புதிதாகவே பிறக்கிறது என்று அவர்கள் சாதித்தார்கள். சைவ சித்தாந்திகள் சற்காரியத்தையே கைக்கொண்டு, ஒரு பொருள் தோன்றுவதற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்று வேண்டும் என வகுத்து, மண்ணையும் தண்டசக்கரத்தையும் குயவனையும் முறையே சான்று காட்டினார்கள். இந்த மூன்றாகிய பகுப்பு நமக்குப் பின்னால் பெரிதும் உதவப்போகிறது.

முதலில் வேலை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் பக்கப் பலகைகளில் உள்ள சித்திரங்கள் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் வண்ணம் வண்ணமாக ஏற்றப்பட்டவை. அவற்றை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்க்கும் எழுத்துருக் கலைஞர், எந்த நெளிவு ஓவியரின் கையால் நேர்ந்தது, எது மை கசிந்ததால் நேர்ந்தது, எது பல்லாயிரம் பிள்ளைகளின் முழங்கால் உரசியதால் நேர்ந்தது என்று பகுத்தறிந்து, நிழலையும் புறக்கோட்டையும் களைந்து, எஞ்சிய உருவத்தின் எல்லையைப் பெசியர் வளைகோடுகளால் கட்டுகிறார். பியேர் பெசியர் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் ரெனோ நிறுவனத்தில் மோட்டார் வண்டிகளின் உடலை வடிப்பதற்குக் கையாண்ட கணிதம் அது. வண்டிக்கு வளைந்த கோடு எழுத்துக்கும் வளைந்து கொடுத்தது. இதுவரை நடப்பது பிரத்தியட்சத்தின் பாற்பட்டது. கண்ணுக்கு முன் உள்ளதை உள்ளவாறு பெயர்த்தெழுதல். இதற்கு அப்பால்தான் அனுமானம் தொடங்குகிறது.

ஜியின் உள்நாக்கை நீக்கினால் சி கிடைக்கிறது. அதன் வாயை மூடினால் ஓ. எல்லின் அடிக்கட்டையை நடுவிலும் தலையிலும் மறுபடி வைத்தால் ஈ. அதில் அடியிலுள்ளதை எடுத்துவிட்டால் எஃப். ஏயைத் தலைகீழாக்கிக் குறுக்குக்கட்டையைக் களைந்தால் வி என்பதற்கு ஓர் உருவம் கிடைத்துவிடுகிறது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு கலைஞர்கள் இரண்டு கண்டங்களில் இருந்துகொண்டு இவ்வெழுத்துகளை வரைந்தாலும், அவை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல் ஏறக்குறைய ஒத்திருக்கக் கூடும். இவ்விடம் வரையில் சாங்கியர் தலைநிமிர்ந்து வருகிறார். ஜியிலே ஓ இருந்தது, திரையை விலக்கினோம், வெளிப்பட்டது என்பது அவர் வாக்கு. எஸ் வந்ததும் அவர் நடை தளர்கிறது. ஜியின் வளைவு ஒரு திசையில் செல்வது. எஸ்ஸோ நடுவில் மனம் மாறி எதிர்த்திசையில் திரும்புவது. அந்தத் திருப்பம் எவ்வளவு செங்குத்தாயிருக்க வேண்டும், மேல்வயிறு கீழ்வயிற்றைவிட எவ்வளவு சிறுத்திருக்க வேண்டும் என்பதற்கு ஜி, ஏ, எல் மூன்றிலும் ஒரு சாட்சியும் இல்லை. கே என்னும் எழுத்தின் இரு கிளைகளும் தண்டைத் தொடும் இடத்தில் சந்திக்கின்றனவா, ஒன்றன் முதுகில் ஒன்று முளைக்கிறதா என்பதற்கும் சாட்சியில்லை. வியாப்தி இல்லாத இடத்தில் அனுமானம் இல்லை என்பது தருக்கத்தின் அரிச்சுவடி. ஆகவே இங்கே நடப்பது கற்பனை என்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணூறு ஆண்டுக்கும் மேலாக ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வாதிட்ட இரண்டு மதங்களும் இருபத்தாறு எழுத்துகளைத் தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் போலத் தோன்றுகிறது.

ஆனால் இந்தச் சமாதானம் எனக்குத் திருப்தி அளிக்கவில்லை. ஓவுக்குக் காரணம் ஜி என்று நாம் பேசியதே தவறான வழக்கு என்று எண்ணுகிறேன். மண் குடமாகும்போது மண்கட்டி மிஞ்சுவதில்லை. எள் எண்ணெயாகும்போது எள் பிண்ணாக்காகிறது. ஜியோ ஓ பிறந்த பின்னும் ஜியாகவே, ஒரு புள்ளியும் குறையாமல், தன் இடத்தில் இருக்கிறது. எனவே அது முதற்காரணம் ஆகாது. சக்கரத்தைப்போல உடனிருந்து உதவிய துணைக்காரணமே ஆகும். அப்படியாயின் மண் எது? ரோமானியக் கல்வெட்டுகளில் உளியால் வெட்டப்பட்ட காலந்தொட்டு இன்றைய பால் பாக்கெட்டின் உறை வரையில், அந்தக் கலைஞர் பிறந்தது முதல் அவர் கண்ணில் விழுந்த எண்ணிறந்த கியூக்களும் எஸ்களும் அவருடைய சித்தத்தில் வாசனையாகப் படிந்து கிடக்கின்றனவே, அந்தப் படிவுதான் மண். காணாத எழுத்து கண்ட எழுத்துகளில் இருந்ததில்லை. அது சூனியத்திலிருந்து வந்ததும் இல்லை. வரைபவரின் சம்ஸ்காரத்தில் உருவற்றுக் கிடந்து, கண்ட எழுத்துகளின் சுழற்சியில் உருப்பெற்றது. சித்தாந்திகளின் பகுப்பை வைத்துக்கொண்டு பார்க்கும்போது சற்காரியம் காப்பாற்றப்படுகிறது. ஆனால் காரியம் இருந்த இடம் மாறிவிடுகிறது.

இடம் மாறியதால் விளைவும் மாறுகிறது. 1981இன் ஓவியத்தைப் பார்த்து இந்த நூற்றாண்டில் ஒருவர் வரைந்த எழுத்துருவில், கண்ட எழுத்துகள் 1981ஐச் சேர்ந்தவை. காணாதவை இந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை. கூர்ந்த கண்ணுடையவர் அத்தகைய எழுத்துருவின் எஸ்ஸையும் கேயையும் பார்த்தே, அது எந்தப் பத்தாண்டில் செய்யப்பட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மண்ணின் நிறம் குடத்தில் தெரியத்தானே செய்யும்.

இனி, கண்ட எழுத்திலேயே ஒரு சிக்கல் உண்டு. பெயர்ப்பலகையை வரைந்த ஓவியர் எழுத்தைத் தனித்தனியே நினைத்து வரைவதில்லை. பக்கத்தில் நிற்பதற்கு இசைய ஒன்றைச் சாய்த்தும், இடுக்கான இடத்தில் ஒன்றைக் குறுக்கியும், முதலெழுத்தை ஓங்கவிட்டும் ஒரு சபையைக் கூட்டுகிறார். ஒரே பெயரில் ஏ இரண்டு முறை வந்தால் இரண்டும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அவருக்கில்லை. எழுத்துருவிலோ ஏ என்னும் விசையைத் தட்டினால் வருவதற்கு ஓர் ஏ வேண்டும். எந்த அண்டை வீட்டாரோடும் ஒத்துப்போகக்கூடிய, ஓரிடத்துக்கும் உரியதல்லாத, பொதுவான ஏ. விசேஷத்திலிருந்து சாமானியத்தை வடித்தெடுக்கும் இந்த வேலையில், இருக்கிற இரண்டு ஏக்களில் எது உண்மையான ஏ என்ற கேள்வி எழுகிறது. இரண்டிலும் சமவாயமாக நிற்கும் ஏத்துவம் என்றொரு சாதி உண்டு என்பார் நையாயிகர். அதெல்லாம் மனத்தின் கற்பிதம், ஏ என்பது பி அல்லாததும் சி அல்லாததும் ஆவது மட்டுமே என்பார் அபோகவாதம் பேசிய திங்நாகரின் வழிவந்த பௌத்தர். இந்த வழக்கில் நான் பௌத்தர் பக்கம் சற்றே சாய்கிறேன். அதற்கு ஒரு வேடிக்கையான சான்று, நாம்கோவே 1980இல் வெளியிட்ட 'பேக்மேன்' என்னும் புகழ்பெற்ற ஆட்டம். ஜப்பானில் அதன் பெயர் 'பக்மேன்'. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகையில், குறும்புக்காரர்கள் முதலெழுத்தாகிய பியின் வளைவைச் சுரண்டி அதை எஃப் ஆக்கிவிட்டால் சபையில் சொல்லத்தகாத ஒரு வசைச்சொல் நெற்றிப் பலகையில் நிற்குமே என்று அஞ்சிப் பெயரையே மாற்றினார்கள். பியைப் பியாக வைத்திருந்தது அதற்குள் உறையும் ஏதோ பித்துவம் அன்று. எஃப் ஆகாமல் தடுத்துக்கொண்டிருந்த விரலகல வண்ணம்தான்.

திரைக்கு வெளியே உள்ள சித்திர எழுத்தைப்பற்றி இதுவரை பேசினோம். திரைக்கு உள்ளே, அதாவது ஆட்டத்திலேயே தோன்றிய எழுத்துகளின் கதை முற்றிலும் வேறு. அக்காலத்து இயந்திரங்களில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் நெடுக்கில் 8, குறுக்கில் 8 ஆக 64 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு சதுரம். புள்ளி எரிந்தால் ஒன்று, அணைந்தால் பூஜ்யம். ஆகவே ஓர் எழுத்து என்பது எட்டே பைட். 1982இல் இங்கிலாந்தில் வெளிவந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினி தன்னுடைய 96 எழுத்துருவங்களையும் 768 பைட்டுகளில் அடக்கிவைத்திருந்தது. இங்கே சித்திரத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய அவசியமில்லை. ரோம் என்னும் நினைவுச் சில்லைத் திறந்து எண்களைப் படித்துவிட்டால், எழுத்து சிறிதும் சேதமில்லாமல் வந்துவிடுகிறது. கசிவில்லை, தேய்வில்லை, கைநடுக்கமும் இல்லை.

இந்த 64 புள்ளிகளுக்குள் எத்தனை வேறுவேறு உருவங்கள் அமையலாம் என்று கணக்கிட்டால், 1,84,467 கோடி கோடிக்கும் சற்றே மேல் என்று வருகிறது. சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு நெல்மணியும், அடுத்தடுத்த கட்டங்களில் இரட்டிப்பாகவும் வைக்கச்சொல்லி அரசனைத் திகைக்கவைத்த கதையின் நெல்மணிகள் அனைத்தும் சேர்ந்து இதைவிட ஒன்றே ஒன்றுதான் குறைவு. இந்த எண்ணிக்கைக்குள் இதுவரை வரையப்பட்டதும், இனி வரையப்படப்போவதுமாகிய எல்லா எழுத்துகளும், எந்த லிபியைச் சேர்ந்தவையாயினும், ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. அப்படியானால் இச்சதுரத்துக்குள் எவரும் எதையும் சிருஷ்டிப்பதில்லை, தேர்ந்தெடுக்கிறார்கள் அவ்வளவே என்று சாங்கியர் மீண்டும் எழுந்து நிற்கலாம். ஆனால் எல்லாம் இருக்கும் இடத்தில் எதுவும் இருப்பதாகச் சொல்வதில் பொருளில்லை. கோணல்மாணலான கோடிக்கணக்கான புள்ளிக் குப்பைகளுக்கு நடுவே ஒரு நல்ல எஸ் ஒளிந்திருக்கிறது என்று அறிவதனால் அதை வரைய முயல்கிறவனுக்கு ஒரு புள்ளியளவும் உதவி கிட்டாது.

இதைவிட நுட்பமான வினா ஒன்று இருக்கிறது. எண்களைப் படித்து, ஒவ்வொரு ஒன்றுக்கும் ஒரு கறுப்புச் சதுரத்தை வைத்து, கூர்முனைகள் நிறைந்த ஓர் எழுத்துருவை ஆக்கினால், அது ரோமுக்கு முற்றிலும் விசுவாசமானது. ஆனால் 1980இல் அந்த இயந்திரத்தின் முன் நின்ற பிள்ளையின் கண் அதைக் கண்டதில்லை. அக்காலத்துக் கதோடுக் குழாய்த் திரையில் மின்னணுக் கற்றை பாஸ்பரத்தின்மேல் விழுந்து, ஒளி பக்கத்தில் பரவி, மூலைகள் மழுங்கி, வரிகளுக்கு இடையே மெல்லிய இருள் படிந்து, எழுத்து கனிந்த ஒன்றாகத்தான் தோன்றியது. கூர்மையான சதுரப் படிக்கட்டுகள் பின்னாளில் தட்டைத் திரைகள் நமக்குக் காட்டிய தோற்றம். பழைய ஆட்டத்தின் அடையாளம் என்று இன்று சட்டையிலும் கோப்பையிலும் அச்சிடப்படும் படிக்கட்டெழுத்து, பழைய காலத்தில் அந்தத் திரையில் எவரும் பார்த்திராத ஒன்று. எது எழுத்து, எண்ணா ஒளியா?

மீமாம்சகர் இந்த வினாவுக்காகவே காத்திருந்தவர் போல விடை வைத்திருக்கிறார். அவர் பேசியது காதால் கேட்கும் எழுத்தைப் பற்றியே ஆயினும், நியாயம் இங்கும் செல்லும். வர்ணம் நித்தியமானது, வாயிலிருந்து வரும் துவனி அதை வெளிப்படுத்துவதேயன்றி உண்டாக்குவதில்லை. ஒருவன் ஒரு சொல்லை எட்டு முறை உச்சரித்தால், எட்டுச் சொற்களைச் சொன்னான் என்று உலகம் சொல்வதில்லை, ஒரு சொல்லை எட்டு முறை சொன்னான் என்றே சொல்கிறது; 'அதே ககரம்' என்ற பிரத்தியபிக்ஞையே வர்ணத்தின் ஏகத்துவத்துக்குப் பிரமாணம் என்பது அவர் கட்சி. அதன்படி ரோமில் உள்ள எண் வர்ணம். திரையில் எழுந்த ஒளி துவனி. இயந்திரத்துக்கு இயந்திரம் ஒளி வேறுபட்டாலும் எழுத்து வேறாவதில்லை. நையாயிகர் குறுக்கிட்டு, விளக்குச் சுடரையும்தான் 'அதே சுடர்' என்கிறோம், கணந்தோறும் அது வேறு சுடரன்றோ, ஒப்புமையால் வந்த மயக்கத்தைப் பிரமாணம் என்பதா என்பார். விளக்குச் சுடரை அவர் எடுத்துக்காட்டியது தற்செயலே எனினும், கணத்துக்குப் பலமுறை அழிந்து அழிந்து புதிதாக வரையப்படும் கதோடுக் குழாய்ப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. ஆயினும் நான் இங்கே மீமாம்சகரையே ஆதரிப்பேன், ஒரு திருத்தத்தோடு. அந்த எண்ணைத் தேர்ந்தவர் வெறும் காகிதத்தின்மேல் அழகு பார்த்துத் தேரவில்லை. அக்காலத்து எழுத்தில் குறுக்குக்கோடு ஒரு புள்ளியாகவும் நெடுக்கோடு இரண்டு புள்ளியாகவும் தடித்திருப்பது, அது ஒரு குறிப்பிட்ட விதமான திரையில் வாழ்வதற்குப் பிறந்தது என்பதைக் காட்டுகிறது. துவனியை நினைந்து இயற்றப்பட்ட வர்ணத்தைத் துவனியிலிருந்து அறவே பிரித்து நித்தியமாக்குவது மீமாம்சகருக்கே உவப்பாயிராது என்று நினைக்கிறேன்.

வர்ணம் நித்தியம் என்று சொன்னவர்கள் வேதம் அபௌருஷேயம், கர்த்தா இல்லாதது என்றும் சொன்னார்கள். இந்தப் புள்ளியெழுத்தும் வெகுகாலம் அப்படியேதான் இருந்தது. நாம்கோவின் ஆட்டங்களாலும் பின் வந்த எத்தனையோ ஜப்பானிய நிறுவனங்களின் ஆட்டங்களாலும் உலகெங்கும் பரவிய அந்த எழுத்தை யார் வரைந்தார் என்று எவரும் கேட்கவில்லை. இயந்திரத்தோடு கூடவே பிறந்ததுபோல் அது இருந்தது. எழுத்துருக் கலைஞரான தோஷி ஒமகாரி 2019இல் வெளியிட்ட ஆர்கேட் எழுத்துகளைப் பற்றிய நூலுக்காக ஆராய்ந்தபோதுதான், அதன் மூலம் 1976இல் அதாரியின் கிளையான கீ கேம்ஸ் வெளியிட்ட ஆட்டங்களில் இருக்கிறது என்பதும், வரைந்தவர் லைல் ரெயின்ஸ் என்னும் பொறியியலாளர் என்பதும் பலருக்கும் தெரியவந்தன. அக்காலத்து அதாரி தன் ஆட்டங்களை ஆக்கியவர்களின் பெயரை வெளியிடுவதில்லை. அதைப் பொறாமல் வாரன் ராபினெட் என்பவர் 'அட்வென்ச்சர்' என்னும் ஆட்டத்துக்குள் ஒரு மறைவான அறையைக் கட்டி, அதைக் கண்டுபிடிப்பவனுக்கு மட்டும் தெரியுமாறு தம் பெயரை எழுதிவைத்த செய்தி பிரசித்தம். கர்த்திருத்துவத்தை விடமாட்டாத ஜீவ சுபாவத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தைக் கீதா பாஷ்யக்காரர்கள் தேடினாலும் கண்டிருக்கமாட்டார்கள். சட்டமோ இதில் விரக்தியுடையது: எழுத்தின் உருவம் காப்புரிமைக்கு உரியதன்று என்று 1978இல் எல்ட்ரா வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் தீர்த்தது; எழுத்துருவாகிய கணினி நிரலுக்கு மாத்திரம் அங்கே உரிமை உண்டு.

மூலத்தைத் தேடிப் போனால் மூலத்துக்கும் மூலம் ஒன்று வந்து நிற்பதை இத்துறையில் அடிக்கடி காணலாம். 'கணினி எழுத்து' என்று அக்காலத்து அட்டைப்படங்களில் புழங்கிய, ஒரு பக்கம் வீங்கிய எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக் காசோலையின் அடியில் காந்த மையால் அச்சிடப்பட்டு இயந்திரம் படிப்பதற்காக 1950களில் அமைக்கப்பட்ட வரிவடிவத்தில் 10 எண்களும் 4 குறிகளும் மட்டுமே உண்டு. எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. 1960களில் லியோ மேக்ஸ் என்னும் ஆங்கிலேயர் அந்த எண்களின் சாயலில் எழுத்துகளைக் கற்பித்து 'வெஸ்ட்மின்ஸ்டர்' என்னும் எழுத்துருவை ஆக்கினார். எந்த இயந்திரமும் வேண்டாத அந்த எழுத்துகள் இயந்திர யுகத்தின் முத்திரையாயின. மற்றொன்று இன்னும் விசித்திரம். 'தி பிரைஸ் இஸ் ரைட்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியின் பெயர்ப்பலகையைப் பின்பற்றிக் கனடாவைச் சேர்ந்த ரே லாராபி 'பிரைஸ்டவுன்' என்னும் எழுத்துருவை ஆக்கினார். அப்பெயரில் வரும் வேறுவேறான எழுத்துகள் 9. பின்னாளில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்னும் ஆட்டத்தின் பெயருக்கு இந்த எழுத்துரு பயன்பட்டது. அப்பெயரிலுள்ள ஏ, என், டி, எஃப், யூ, ஓ ஆகிய ஆறும் தொலைக்காட்சிப் பலகையில் இல்லாதவை. ஆக, இன்று கோடிக்கணக்கானவர்கள் அந்த ஆட்டத்தின் எழுத்தென்று இனங்காணும் எழுத்துகளில் பாதிக்கு மேற்பட்டவை, மூலத்தில் இல்லாத இடத்தை நிரப்ப ஒருவர் தம் சம்ஸ்காரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவை. இப்போது அந்த ஆட்டத்தின் அட்டையைப் பார்த்து ஒருவர் எழுத்துரு ஆக்கப் புகுந்தால், அவருக்கு அவை மூலம். தருக்கநூலார் இதை அநவஸ்தை என்று தோஷமாகக் கூறுவர். பரம்பரை என்று வழங்கினால் அதுவே குணமாகிவிடுகிறது.

பரம்பரை என்று வந்துவிட்டால் அதற்குரிய மரியாதைகளும் வர வேண்டும். பிரம்ம சூத்திரத்துக்குச் சங்கரரும் ராமாநுஜரும் மத்துவரும் பாஷ்யம் செய்தார்கள். மூவரும் சூத்திரத்தின் உள்ளக்கிடக்கை இதுவே என்றுதான் சொன்னார்கள். மூன்றும் மூன்று மதங்களாயின. அவற்றில் எதையும் நாம் போலி என்பதில்லை. ஒரே மூன்று எழுத்துகளிலிருந்து மூவர் மூன்று எஸ்களை வரைந்தாலும் அவ்வாறே கொள்ள வேண்டும். ஆனால் பாஷ்யகாரர்கள் சூத்திரத்தைச் சூத்திரமாகவும் தம் உரையை உரையாகவும் பிரித்தே நிறுத்தினார்கள். வாசிப்பவனுக்கு எது வியாசருடையது, எது உரைகாரருடையது என்பதில் ஐயமில்லை. எழுத்துருவில் இந்தப் பிரிவு இல்லை. கண்ட எழுத்தும் காணாத எழுத்தும் ஒரே நிறத்தில், ஒரே விசைப்பலகையில், தோளோடு தோள் நிற்கின்றன. புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடு சிதைந்து சொல் அழிந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பிவிட எளிதில் முடியுமாயிருந்தும், புள்ளியிட்டு விட்டுவைத்தார். 267, 268 என்னும் பாட்டுகளின் இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. எழுத்துருக் கலைஞரும் அவ்வாறு செய்யலாம் என்றால், மூன்று எழுத்துகளும் இருபத்து மூன்று வெற்றுக் கட்டங்களுமாக ஓர் எழுத்துரு கிடைக்கும். எழுத்துருவில் இல்லாத எழுத்துக்குக் கணினி ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டும் என்பது, தமிழ் எழுத்துரு இல்லாத கணினிகளில் கட்டங்கட்டமாகத் தமிழ் படித்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை யாரும் விரும்பமாட்டார்கள். பதிப்பாசிரியரின் கடமை வேறு, தட்டச்சு செய்பவனுக்குக் கருவி கொடுப்பவரின் கடமை வேறு.

சிதைந்த சுவரோவியங்களைச் செப்பனிடும் விஷயத்தில் ரோம் நகரத்து மறுசீரமைப்புக் கழகத்தில் செசாரே பிராந்தி கண்ட வழி இதற்கு நடுவானது. உதிர்ந்த இடத்தை மெல்லிய இணைகோடுகளால் வண்ணம் தீட்டி நிரப்பினார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஓவியம் முழுமையாயிருக்கும், அருகில் வந்து உற்றுப் பார்ப்பவனுக்கு நிரப்பிய இடம் தெரியும். எழுத்துருக் கோப்புக்குள்ளும் அத்தகைய அருகாமைக்கு இடம் இருக்கிறது. ஆக்கியவர் பெயர், உரிமை, விவரணம் என்று சில வரிகள் எழுதிவைப்பதற்கு அதில் ஓர் அட்டவணை உண்டு. எழுத்தைப் பயன்படுத்துகிறவன் கண்ணில் அது படுவதில்லை, திறந்து பார்க்கிறவனுக்கு மறைவதுமில்லை. பேக்மேனின் பலகையிலிருந்து எழுத்துரு ஆக்குகிறவர், பி, ஏ, சி, எம், என் என்னும் ஐந்தும் இன்ன இயந்திரத்தின் இன்ன பலகையில் கண்டவை, ஓவும் ஈயும் அவற்றிலிருந்து ஊகித்தவை, எஸ்ஸும் கேயும் என்னுடையவை, சிற்றெழுத்துகள் முழுவதும் என்னுடையவை என்று அங்கே எழுதிவைப்பதற்கு நான்கு வரி போதும்.